வழங்கல் விட்டு வழங்கல்: திறந்தமூல டெஸ்க்டாப்பில் பயனரின் தேர்வும் மாற்றமும்

திறந்தமூல டெஸ்க்டாப் இயங்குதளம் என்ற பேச்சு எழுந்தால் பெரும்பாலும் லினக்ஸ் வழங்கல்களைத்தான் மக்கள் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட கர்னல், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகள், அவற்றின் மேல் ஒரு வரைகலைச் சூழல், மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் ஒரு பொதி மேலாளர். இவற்றையெல்லாம் தொகுத்து, ஒரே நிறுவியாகக் கையில் தருவது வழங்கல். ஸ்லாக்வேரும் டெபியனும் 1993-இல் தொடங்கின. ஃபெடோரா 2003-இல், உபுண்டு 2004-இல், லினக்ஸ் மின்ட் 2006-இல் வந்தன. இன்று புழக்கத்தில் இருப்பவை நூற்றுக்கணக்கானவை.

இத்தனை வழங்கல்களிலும் கர்னல் ஒன்றே. ஃபயர்ஃபாக்ஸ் ஒன்றே, லிப்ரெஆபிஸ் ஒன்றே. அப்படியானால் பயனர் தேர்ந்தெடுப்பது எதை? முதல் முறை வருகிறவர் திரையின் தோற்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார். சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர் வேறு இரண்டைப் பார்க்கிறார்: மென்பொருள் எவ்வளவு வேகமாக மாறுகிறது, அந்த மாற்றத்தை யார் முடிவு செய்கிறார்கள். டெஸ்க்டாப் பயனர்கள் பெருங்கூட்டமாக இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் இந்த இரண்டில் ஒன்றே காரணமாக இருந்திருக்கிறது.

முதலில் வேகம். டெபியனின் நிலைத்த பதிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. வந்தபின் அதிலுள்ள மென்பொருள்களின் பதிப்புகள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பாதுகாப்புத் திருத்தங்களும் பிழைநீக்கங்களும் மட்டுமே சேரும். உபுண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஒரு பதிப்பு வெளியிடுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்தாண்டு ஆதரவு, இடைப்பட்டவற்றுக்கு ஒன்பது மாதம். ஃபெடோராவும் அரையாண்டுக்கு ஒருமுறை வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆதரவு ஏறத்தாழ 13 மாதம். 2002-இல் தொடங்கிய ஆர்ச் லினக்ஸில் பதிப்பு என்பதே இல்லை. மென்பொருள் எழுதியவர் புதிதாக ஒன்றை வெளியிட்டால் சில நாளில் அது பயனரின் கணினிக்கு வந்துவிடும்.

அட்டவணையில் இவை வெறும் எண்கள். அன்றாடப் பயன்பாட்டில் இவற்றின் விளைவு பெரிது. டெபியன் வைத்திருக்கும் கணக்கர் ஒருவருக்கு இரண்டு ஆண்டும் அதே மெனு, அதே பொத்தான். ஆர்ச் வைத்திருக்கும் மாணவர் ஊருக்குப் போய்ச் சில மாதம் கழித்து வந்து அப்டேட் கட்டளையைக் கொடுத்தால் நூற்றுக்கணக்கான பொதிகள் வரிசையில் நிற்கும். அதோடு, பொதிகளில் உள்ள கையொப்பம் நம்பத்தக்கது அல்ல என்று சொல்லி வேலை பாதியில் நின்றுவிடவும் கூடும். பொதிகளைச் சரிபார்க்கும் சாவிகளின் தொகுப்பு பழையதாகிவிட்டதுதான் காரணம். அந்தத் தொகுப்பை மட்டும் முதலில் புதுப்பித்துவிட்டு மற்றவற்றைத் தொடங்கினால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். இதை அறிந்தவருக்கு ஒரு நிமிட வேலை. அறியாதவர், கணினியே பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி வேறு வழங்கலுக்குப் போய்விடுவார்.

பயனர்கள் லினக்ஸ் பக்கம் வருவதற்கு மிகப் பொதுவான காரணம், நல்ல நிலையில் இருக்கும் கணினிக்கு வணிக இயங்குதளத்தின் ஆதரவு முடிந்துபோவது. விண்டோஸ் எக்ஸ்பியின் ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தபோது ஓர் அலை வந்தது. விண்டோஸ் 10-இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தபோது அடுத்த அலை. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 சில்லையும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியையும் கேட்கிறது. ஏழாம் தலைமுறைச் செயலி, எட்டு ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி தட்டு கொண்ட ஒரு மடிக்கணினி, வீட்டு வேலைக்கும் படிப்புக்கும் இன்னும் பல ஆண்டு உழைக்கக்கூடியது. அதைக் குப்பையில் போட மனம் வராதவர்கள்தான் பென்டிரைவை எடுக்கிறார்கள். கொள்கைப் பிடிப்பால் வருகிறவர்களும் உண்டு. ஆனால் கொள்கை பெரும்பாலும் பயன்பாட்டுக்குப் பின்னால் வளர்வது.

எந்த வழங்கலோடு தொடங்குவது என்பதை ஒரு காலத்தில் கையில் கிடைத்த குறுந்தட்டு தீர்மானித்தது. டயல்-அப் இணைப்பில் 650 எம்பி கோப்பை இறக்குவது நடக்காத காரியம். இந்தியாவில் பிசி குவெஸ்ட் இதழ் 1990-களிலேயே வாசகர்களுக்கு லினக்ஸ் குறுந்தட்டு கொடுத்தது. பின்னர் லினக்ஸ் ஃபார் யூ இதழும் தட்டோடு வந்தது. சென்னையில் ஐஐடி வளாகத்தில் கூடிய லினக்ஸ் பயனர் குழுவின் மாதக் கூட்டங்களில் தட்டுகள் கைமாறின. உபுண்டுவை நடத்தும் கனோனிக்கல் நிறுவனம், முகவரி கொடுத்தால் உலகின் எந்த மூலைக்கும் இலவசமாகத் தட்டு அனுப்பியது. 2011 வரை அந்தச் சேவை இருந்தது. உபுண்டு பரவியதற்கு அதன் நிறுவி எளிமையாக இருந்தது ஒரு காரணம். தபாலில் வந்த அந்த உறை இன்னொரு காரணம்.

இன்று இறக்குவது கடினமல்ல. பல நூறில் ஒன்றை எடுப்பதுதான் கடினம். ஒப்பீட்டுப் பட்டியல்கள் இங்கே அதிகம் உதவுவதில்லை. புதியவருக்குப் பொருத்தமான வழங்கல், அவர் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கக்கூடிய ஒருவர் பயன்படுத்தும் வழங்கலே. அண்ணன் ஃபெடோரா வைத்திருந்தால் தங்கைக்கும் ஃபெடோராதான் நல்லது. அண்ணன் தன் மனத்திரையில் பார்க்கும் அதே சாளரம் தங்கையின் கணினியிலும் இருக்கும். எதை அழுத்த வேண்டும் என்று உடனே சொல்ல முடியும்.

நிறுவுவதற்கு முன்பே இயக்கிப் பார்க்கும் வசதி 2000-இல் கிளாஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ் குறுந்தட்டு வழியாகப் பரவலானது. அந்த வசதியைப் பலர் வீணடிக்கிறார்கள். வால்பேப்பரை மாற்றிப் பார்க்கிறார்கள், மெனுவைத் திறந்து மூடுகிறார்கள். பார்க்க வேண்டியவை வேறு: வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்கின்றனவா, மடிக்கணினியின் மூடியைச் சாத்தித் திறந்தால் உயிரோடு எழுகிறதா, வீட்டிலுள்ள பிரின்டர் ஒரு பக்கம் அச்சிடுகிறதா. இந்தச் சோதனையில் தேறிவிட்டால் பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை வராது.

நிறுவியில் பயனரை அச்சுறுத்தும் திரை ஒன்றே ஒன்றுதான்: பார்ட்டிஷன் திரை. தட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவுவதா, இருக்கும் விண்டோஸோடு பக்கத்தில் நிறுவுவதா, கைப்பட இடம் பிரிப்பதா என்று அது கேட்கும். பெரும்பாலானவர்கள் பக்கத்தில் நிறுவுவதைத் தேர்கிறார்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு பழகலாம் என்ற எண்ணம் நியாயமானது. அதன் முதல் விளைவு கடிகாரத்தில் தெரியும். லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் நேரம் ஐந்தரை மணி பின்தங்கிக் காட்டும். தாய்ப்பலகையிலுள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொதுநேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அந்த வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. லினக்ஸ் பக்கத்தில் ஒரே கட்டளையில் தீர்ந்துவிடும் சிக்கல் இது. இரண்டாவது, விண்டோஸின் கோப்புகள் உள்ள பகுதி லினக்ஸில் படிக்க மட்டுமே திறக்கும், எழுத விடாது. விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் தொடக்க வசதி கணினியை முழுமையாக அணைப்பதில்லை. பாதி உறக்கத்தில் விட்டுவைக்கிறது. அந்த நிலையில் உள்ள தட்டில் எழுதினால் கோப்புகள் சிதையும் என்பதால் லினக்ஸ் ஒதுங்கிக்கொள்கிறது. விண்டோஸில் அந்த வசதியை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும்.

முதல் சில வாரங்களில் கைவிட்டுப் போகிறவர்கள் அதிகம். வன்பொருளே பெரும்பாலும் காரணம். சில வைஃபை சில்லுகளுக்குத் தயாரிப்பாளர் மட்டுமே தரக்கூடிய, மூலநிரல் திறக்கப்படாத ஃபர்ம்வேர் தேவை. டெபியன் தன் கொள்கைப்படி அதை அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமல் நீண்ட காலம் இருந்தது. இணையம் இருந்தால்தான் ஃபர்ம்வேரை இறக்க முடியும், ஃபர்ம்வேர் இருந்தால்தான் இணையம் கிடைக்கும் என்ற முடிச்சில் எத்தனையோ பேர் மாட்டிக்கொண்டு உபுண்டுவுக்கும் மின்ட்டுக்கும் போனார்கள். 2022-இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வெளியான 12-ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேரை நிறுவியிலேயே சேர்த்தார்கள். கொள்கையில் ஒரு படி இறங்கியது என்று வருந்தியவர்கள் உண்டு. ஆனால் ஒரு சில்லின் காரணமாகக் கட்டற்ற இயங்குதளம் முழுவதையும் ஒருவர் இழப்பதைவிட அது மேலான முடிவு.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. அமைப்புகளில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துவிட்டுத் தட்டச்சிடத் தொடங்கினால், தமிழ்99 பழகியவர் திகைத்துப் போவார். தமிழ்99 முறையில் ஒரே மெய்வரிசை எழுத்தை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் முதலாவதற்குத் தானே புள்ளி விழ வேண்டும். க அழுத்தி மீண்டும் க அழுத்தினால் க்க வர வேண்டும். வெறும் விசைப்பலகை வரைவு ஒரு விசைக்கு ஒரு குறியைத் தருமே தவிர, முன்னால் இருக்கும் எழுத்தைப் பார்த்து முடிவெடுக்காது. அதற்கு ஐபஸ் போன்ற உள்ளீட்டுச் சட்டகமும் எம்17என் தொகுப்பும் தேவை. அந்தத் தொகுப்பு சில வழங்கல்களில் முன்பே இருக்கும், சிலவற்றில் தனியாக நிறுவ வேண்டும். நிறுவி, வெளியேறி, மீண்டும் உள்நுழைந்தால் தமிழ்99 பட்டியலில் வந்து நிற்கும். இந்த ஒரு பொதியின் பெயர் தெரியாமல் ஒரு நல்ல வழங்கலை விட்டுப் போவது பெரிய இழப்பு. அச்சகங்களின் நிலைமை வேறு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் பல ஆண்டு சேர்த்த கோப்புகளும், பேஜ்மேக்கர், ஃபோட்டோஷாப் பழக்கமும் உள்ள டிடிபி கடைகளுக்கு இயங்குதளத்தை மாற்றுவது தொழிலையே மாற்றுவதற்குச் சமம். அவர்களைக் குறை சொல்ல ஏதுமில்லை.

ஒரு வழங்கலில் நிலைத்தவர்கள் அதை விட்டு ஏன் போகிறார்கள்? இதற்கு 2011-ஐவிடத் தெளிவான சான்று இல்லை. அதுவரை உபுண்டு, ஃபெடோரா, டெபியன் மூன்றிலும் இயல்பாக வந்த வரைகலைச் சூழல் குனோம் 2. மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு. பள்ளிப் பிள்ளையும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒரே நாளில் பழகக்கூடிய அமைப்பு. 2011 ஏப்ரலில் குனோம் 3 வந்தது. கீழ்ப்பட்டை போயிற்று, மெனு போயிற்று, சாளரத்தைச் சுருக்கும் பொத்தானும் இயல்புநிலையில் எடுக்கப்பட்டது. அதே மாதம் உபுண்டு 11.04 யூனிட்டி என்ற தன் சொந்தச் சூழலுக்கு மாறியது. வழக்கம்போல அப்டேட் செய்த பயனர், மறுநாள் முன்பின் தெரியாத திரையின் முன் உட்கார்ந்திருந்தார்.

அப்போது நடந்தது திறந்தமூலத்தின் உண்மையான வலிமையைக் காட்டியது. சிலர் எக்ஸ்எஃப்சிஇ சூழலுக்குப் போனார்கள். டோர்வால்ட்ஸே அப்படிப் போய், பின்னர் குனோமுக்குத் திரும்பினார். அதற்குச் சில ஆண்டு முன் கேடிஈ சூழலின் 4.0 பதிப்பு பக்குவப்படாத நிலையில் வெளிவந்தபோது கேடிஈயை விட்டு குனோமுக்கு வந்தவரும் அவரே. ஆர்ச் பயனர் ஒருவர் குனோம் 2-இன் நிரலை எடுத்து மாட்டே என்ற பெயரில் உயிரோடு காப்பாற்றினார். கிளெமென்ட் லெஃபெவ்ர் நடத்தும் லினக்ஸ் மின்ட், குனோம் 3-இன் அடித்தளத்தின் மேல் பழைய அமைப்பைத் தரும் சினமனை உருவாக்கியது. 2012-இல் மாட்டே, சினமன் இரண்டிலும் பதிப்புகளை வெளியிட்டது. உபுண்டுவிலிருந்து மின்ட்டுக்குப் பலர் போனது இந்தக் காலத்தில்தான். 2012-இல் உபுண்டு 12.10-இன் தேடல் பெட்டியில் அமேசான் பொருள்கள் தோன்றத் தொடங்கியதும், தன் கணினியில் தட்டும் சொல் வெளியே போகிறதே என்று கவலைப்பட்டவர்கள் இன்னும் சிலர் போனார்கள். 2017 ஏப்ரலில் கனோனிக்கலின் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் யூனிட்டியைக் கைவிடுவதாக அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில் உபுண்டு மீண்டும் குனோமுக்கு வந்தது.

யார் முடிவெடுக்கிறார்கள் என்ற கேள்வி இங்கே வெளிப்படையாகிறது. உபுண்டுவின் திசையை ஒரு நிறுவனம் தீர்மானிக்கிறது. ஃபெடோராவுக்குப் பின்னால் ரெட்ஹேட் நிற்கிறது. டெபியனில் உருவாக்குநர்கள் வாக்களிக்கிறார்கள். மின்ட்டில் ஒரு சிறு குழு. வாக்களிப்பதால் மட்டும் எல்லாரும் நிறைவடைவதில்லை: 2014-இல் டெபியன் சிஸ்டம்டி தொடக்க முறைமைக்கு மாற முடிவு செய்தபோது ஏற்காதவர்கள் பிரிந்து தேவுவான் என்ற வழங்கலைத் தொடங்கினார்கள். சாதாரண டெஸ்க்டாப் பயனருக்கு அந்தச் சண்டை அநேகமாகப் புலப்படவே இல்லை. கனோனிக்கலின் ஸ்னாப் பொதி வடிவம் அப்படியல்ல. உபுண்டுவில் சில மென்பொருள்களை வழக்கமான வழியில் நிறுவினாலும் ஸ்னாப் வடிவமே வந்து சேர்ந்தது. முதல்முறை திறக்க நேரம் பிடித்தது. ஸ்னாப் களஞ்சியம் கனோனிக்கலின் கையில் மட்டுமே இருந்தது. 2020-இல் வந்த மின்ட் 20, ஸ்னாப்பை இயல்புநிலையில் தடுத்துவிட்டது. தன் அடித்தளமான உபுண்டு நாளை வேறு திசையில் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்காக டெபியனை நேரடி அடித்தளமாகக் கொண்ட ஒரு பதிப்பையும் மின்ட் தனியாக வைத்திருக்கிறது. பயனரின் கண்ணோட்டத்தில் இது அரிய முன்யோசனை.

மாறும் வேலை எவ்வளவு எளிது என்பது கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. பயனரின் கோப்புகளும் அமைப்புகளும் ஹோம் அடைவில் இருக்கும். நிறுவும்போதே அதற்குத் தனிப் பார்ட்டிஷன் கொடுத்தவர், இயங்குதளப் பகுதியை மட்டும் அழித்துப் புதியதை நிறுவி, பழைய ஹோமை இணைத்துக்கொள்ளலாம். இதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. லினக்ஸ் கோப்பின் உரிமையாளரைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் முதல் பயனரின் எண் 1000. ஃபெடோராவிலோ 2011 வரை 500. உபுண்டுவிலிருந்து ஃபெடோராவுக்குப் போனவர், அதே பெயரில் கணக்குத் தொடங்கியும், தன் சொந்தக் கோப்புகளைத் திறக்க அனுமதியில்லை என்ற செய்தியைப் பார்த்தார். ஃபெடோரா 16 முதல் அங்கும் 1000 ஆயிற்று. இன்று தொல்லை தருவது பழைய அமைப்புக் கோப்புகள்: முந்தைய வழங்கலின் கேடிஈ அமைப்புகளை வேறு பதிப்புள்ள கேடிஈ படித்துக் குழம்பும். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்துச் சென்று அமைப்புகளைப் புதிதாகச் செய்துகொள்வதே நல்லது. வெளித்தட்டில் ஒரு பேக்அப் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. இறக்கிய நிறுவியின் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிடும் பழக்கமும் வேண்டும்: 2016 பிப்ரவரியில் மின்ட்டின் வலைத்தளத்தில் ஊடுருவியவர்கள் கெடுநிரல் சேர்த்த நிறுவிக்கு இணைப்பைத் திருப்பிவிட்டார்கள்.

லினக்ஸுக்கு வெளியே போகிறவர்கள் சிலரே. ஃப்ரீபிஎஸ்டி 1993 முதல் இருக்கிறது. அதன் கையேடு தெளிவுக்குப் பெயர் பெற்றது. டெஸ்க்டாப் வேண்டுவோர் அதன் மேல் அமைந்த கோஸ்ட்பிஎஸ்டியை எடுக்கிறார்கள். பழைய பிஈஓஎஸ் முறையைத் திறந்தமூலமாக மீட்டெடுக்கும் ஹைக்கூ 2018-இல் முதல் பீட்டா பதிப்பை வெளியிட்டது. இரண்டிலும் வன்பொருள் ஆதரவு லினக்ஸின் அளவுக்கு இல்லை. ஆர்வலர்களுக்கு அவை நிறைவு தரும். வீட்டுக்கு ஒரே கணினி உள்ளவருக்குப் பரிந்துரைக்க முடியாது.

அண்மைக் காலத்தில் தாவுவதற்கான தேவை குறைந்திருக்கிறது. ஃபிளாட்பேக் வடிவில் வரும் மென்பொருள் எந்த வழங்கலிலும் ஒரே பதிப்பாக ஓடும் என்பதால், அடித்தளத்துக்கு நிதானமான டெபியனையும் மேலே புத்தம்புதிய மென்பொருள்களையும் ஒருவர் வைத்துக்கொள்ளலாம். ஃபெடோரா சில்வர்புளூ போன்றவற்றில் ஒரு அப்டேட் சரிப்படவில்லை என்றால் கணினியை மீண்டும் தொடங்கும்போது முந்தைய நிலையைத் தேர்ந்தெடுத்தால் போதும். விளையாட்டுக்காக விண்டோஸை வைத்திருந்தவர்களில் பலரை விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட வால்வ் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த புரோட்டான் விடுவித்தது. வேடிக்கை பார்க்க விரும்புகிறவருக்கு மெய்நிகர் கணினி இருக்கிறது. உண்மையான தட்டைத் தொடாமலே பத்து வழங்கல்களை ஓட்டிப் பார்க்கலாம்.

தனிமனிதர் ஒரு மாலையில் செய்யும் இந்த மாற்றத்தை நிறுவனங்கள் பத்தாண்டுகளில் செய்கின்றன. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் முடிவெடுத்து, 2006-இல் தொடங்கி, 2013-க்குள் சுமார் 15,000 கணினிகளை லிமக்ஸ் என்ற தன் சொந்த வழங்கலுக்கு மாற்றியது. முதலில் டெபியன் அடிப்படை, பின்னர் உபுண்டு அடிப்படை. 2017-இல் நகர மன்றம் விண்டோஸுக்குத் திரும்ப முடிவு செய்தது. வெளியிலிருந்து வரும் ஆவணங்களின் வடிவமைப்புக் குலைவு, துறைக்குத் துறை சிதறிக்கிடந்த கணினி நிர்வாகம், விண்டோஸில் மட்டுமே ஓடும் சில துறைசார் மென்பொருள்கள், மாறிய அரசியல் தலைமை எல்லாம் அதில் கலந்திருந்தன. கர்னலில் குறையிருந்ததாக யாரும் சொல்லவில்லை.

பிரான்சின் ஜெண்டார்மெரி காவல்படை வேறு வரிசையில் போனது. 2005 வாக்கில், விண்டோஸிலேயே இருந்தபடி, ஓப்பன்ஆபிஸுக்கு மாறியது. அடுத்து ஃபயர்ஃபாக்ஸும் தண்டர்பேர்டும். காவலர்களின் கை அவற்றில் பழகிய பிறகு, 2008-இல் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ஜென்ட்புண்டுவைக் கொண்டுவரத் தொடங்கியது. எக்ஸ்பியிலிருந்து விஸ்டாவுக்குப் போனாலும் பயிற்சி கொடுக்கத்தான் வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. இயங்குதளம் மாறிய நாளில் காவலர் திறக்கும் மென்பொருள்கள் நேற்றுத் திறந்தவையே. 70,000-க்கும் மேற்பட்ட கணினிகளில் அது பரவியது, இன்றும் ஓடுகிறது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் நடந்ததும் ஒரு வகையில் இதைப் போன்றதே: ஐடி அட் ஸ்கூல் திட்டம் வழங்கலை மட்டும் கொடுக்காமல் பாடப்புத்தகத்தையும் ஆசிரியர் பயிற்சியையும் அதைச் சுற்றியே எழுதியது. சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் வழங்கல் டெபியனை அடித்தளமாகக் கொண்டு, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு நல்ல ஆதரவோடு 2007 முதல் கிடைக்கிறது. கேரளத்தில் அமைந்ததுபோன்ற பாடத்திட்டப் பிணைப்பு அதற்குத் தமிழ்நாட்டில் அமையவில்லை.

ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024 ஏப்ரலில் தன் 30,000 அலுவலகக் கணினிகளுக்கான திட்டத்தை அறிவித்தபோது லிப்ரெஆபிஸை முதலில் வைத்தது, மின்னஞ்சல் மென்பொருள் அதற்குப் பிறகு, லினக்ஸ் கடைசியில்.